8 ஜிபி லேப்டாப்பில் ரேம் கூட்டுவது: 12 போதுமா, 20 வேண்டுமா?

#1 தட்டச்சுப்பிழை (சிவகாசி)

எல்லோருக்கும் வணக்கம். அச்சகங்களுக்கு வடிவமைப்பு வேலை செய்கிறேன். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டி லேபிள் எல்லாம் வீட்டிலிருந்தே செய்து கொடுப்பது. லேப்டாப் லெனோவோ ஐடியாபேட் ஸ்லிம் 3, 15 அங்குலம். இன்டெல் ஐ3-1115ஜி4, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11.

கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் திறந்திருக்கும்போது குரோமில் வாட்ஸ்அப் வெப், மெயில், நாலைந்து டேப் ஓடினால் போதும், மவுஸ் அம்பு கூடத் தயங்கித் தயங்கித்தான் நகர்கிறது. ஃபோட்டோஷாப்பிலிருந்து கோரலுக்கு மாறினால் திரை வெள்ளையாக நிற்கும், அப்புறம்தான் பக்கம் வரும்.

ஒரு கடையில் "காலியாக ஒரு ஸ்லாட் இருக்கும், இன்னொரு 8 ஜிபி போட்டால் 16 ஆகிவிடும்" என்றார்கள். இன்னொரு கடையில் "இந்த மாடலில் ரேமை மாற்றவே முடியாது, புதுசு வாங்கிவிடுங்கள்" என்றார்கள். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ஸ்லாட் இரண்டில் இரண்டும் நிரம்பியிருப்பதாகக் காட்டுகிறது. யார் சொல்வதை நம்புவது? வாரண்டி முடிந்துவிட்டது, திறந்து பார்ப்பதில் பயம் இல்லை.

#2 திருகாணி (சென்னை)

இரண்டு கடைக்காரர்களும் ஆளுக்குப் பாதி சரி. சர்வீஸ் மேசைக்கு இந்த வகை அடிக்கடி வரும். இதில் ரேம் இரண்டு இடத்தில் இருக்கிறது. 4 ஜிபி மதர்போர்டிலேயே சிப்பாகப் பற்றவைத்தது, புராசசருக்குப் பக்கத்தில் நாலு கறுப்புச் சில்லுகளாகத் தெரியும். அதில் கை வைக்க முடியாது. மீதி 4 ஜிபி ஒரு ஸ்லாட்டில் செருகிய ஸ்டிக். விண்டோஸ் இரண்டையும் சேர்த்து 'இரண்டில் இரண்டு' என்று எண்ணிக் காட்டுகிறது. காலி ஸ்லாட் என்று ஒன்று கிடையாது.

ஆகவே செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. செருகியிருக்கும் 4 ஜிபி ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 8 அல்லது 16 ஜிபி ஸ்டிக் போடலாம். 4+8 என்றால் 12, 4+16 என்றால் 20. சரியாக 16 வேண்டும் என்றால் வராது.

வாங்க வேண்டியது டிடிஆர்4-3200, லேப்டாப்புக்கான சோடிம். 260 பின், 1.2 வோல்ட். டெஸ்க்டாப் ஸ்டிக் 288 பின், நீளமாக இருக்கும், உள்ளேயே போகாது. பழைய லேப்டாப்பில் கழற்றிய டிடிஆர்3எல் 204 பின். டிடிஆர்5 262 பின். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். பொருந்தவில்லை என்றால் அழுத்தக் கூடாது, தப்பான ஸ்டிக் என்று அர்த்தம்.

#3 பென்குயின்தாசன் (திருச்சி)

திருகாணி சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காசு கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி: தடங்கலுக்குக் காரணம் ரேம்தானா? ஐ3-1115ஜி4 இரண்டு கோர் புராசசர், அதாவது கணக்குப் போடும் மூளை இரண்டுதான். 256 ஜிபி எஸ்எஸ்டி கழுத்து வரை நிரம்பியிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

வழக்கமான வேலை எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு, தடங்கல் வரும் நேரத்திலேயே டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பாருங்கள். மேலே காட்டும் சதவீதத்தை விடுங்கள். விண்டோஸ் சும்மா கிடக்கும் ரேமைப் பழைய கோப்புகளைத் தேக்கி வைக்கப் பயன்படுத்திக்கொள்ளும், அது நல்லதுதான். எனக்கு வேண்டியது நாலு எண்: 'இன் யூஸ்', அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வரும் 'கம்ப்ரஸ்டு' (இடம் மிச்சப்படுத்தச் சுருக்கி வைத்தது), 'அவெயிலபிள்', 'கமிட்டட்'. அப்படியே ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி பக்கத்தில் 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' கோடு எப்படிப் போகிறது என்றும் பாருங்கள்.

#4 தட்டச்சுப்பிழை

பார்த்துவிட்டேன். 12 பக்கக் காலண்டர் கோரலில், ஒரு சாமி படம் ஃபோட்டோஷாப்பில் திருத்தத்துக்கு, குரோம் வழக்கம்போல.

இன் யூஸ் 7.2 ஜிபி (கம்ப்ரஸ்டு 1.1). அவெயிலபிள் 0.5. கமிட்டட் 15.3 / 19.2. வேகம் 3200. ஹார்ட் ஃபால்ட்ஸ் கோடு சும்மா இருக்கும்போது தரையில் கிடக்கிறது, ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் உச்சிக்கு ஏறி அங்கேயே நிற்கிறது. எஸ்எஸ்டியில் 90 ஜிபி காலி.

#5 பென்குயின்தாசன்

அப்படியானால் ரேம்தான். சந்தேகமே இல்லை.

கல்யாணப் பத்திரிகை அடிப்பவர் என்பதால் இப்படிச் சொல்கிறேன். கமிட்டட் என்பது பத்திரிகை கொடுத்து அழைத்தவர்கள். இன் யூஸ் என்பது பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள். அழைத்த எல்லோரும் ஒரே நேரத்தில் பந்திக்கு வரப்போவதில்லை. ஆனால் 8 இலை போடும் இடத்துக்கு 15 பேரை அழைத்தால், சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை எழுப்பிவிட்டுத்தான் அடுத்தவரை உட்கார வைக்க வேண்டும். விண்டோஸ் அதைத்தான் செய்கிறது. கோரலின் பக்கங்களை எஸ்எஸ்டியில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிட்டு ஃபோட்டோஷாப்புக்கு இடம் தருகிறது. நீங்கள் கோரலுக்குத் திரும்பினால் எல்லாவற்றையும் மறுபடி எடுத்து வர வேண்டும். அந்த வெள்ளைத் திரையும் ஹார்ட் ஃபால்ட்ஸ் ஏற்றமும் அதுதான்.

கமிட்டட் அளவு முழுவதற்கும் ரேம் வேண்டும் என்று அவசியமில்லை. குரோம் போன்றவை கேட்டு வாங்கிவிட்டுத் தொடாமல் வைத்திருக்கும் இடம் நிறைய. இருந்தாலும் 7.8 கையில் இருக்க 15.3 கேட்பது ரொம்ப அதிகம். 12 போட்டால் இன்றைய வேலைக்கு மூச்சு விடலாம். 20 போட்டால் இந்தப் பேச்சையே மறந்துவிடலாம். ஃபோட்டோஷாப்புக்கு அடோபி சொல்வதே குறைந்தது 8, பரிந்துரைப்பது 16. அதுவும் ஃபோட்டோஷாப் மட்டும் ஓடினால் என்ற கணக்கு.

#6 பழையசோறு (கோவை)

எதிர்க்கட்சி வந்துவிட்டேன். இரண்டு கோர் ஐ3-க்கு 16 ஜிபி ஸ்டிக் வாங்குவது ஓட்டைப் பானையில் பன்னீர் ஊற்றுவது. அதோடு 4-ம் 16-ம் ஜோடி சேராது, டூயல் சேனல் போய்விடும். இப்போது 4+4 ஒழுங்காக டூயல் சேனலில் ஓடிக்கொண்டிருப்பதையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

நான் சொல்வது: ரீஃபர்பிஷ்டு திங்க்பேட் டி480 ஒன்று பாருங்கள். 2018 மாடல். அடிமூடித் திருகுகள் கழன்று கீழே விழாது, மூடியிலேயே நிற்கும். உள்ளே இரண்டு ஸ்லாட், இரண்டுமே மாற்றக்கூடியது. நாலு கோர். என்னுடையதில் 32 ஜிபி ஓடுகிறது. கடைக்காரர் டி480எஸ் என்று நீட்டினால் மட்டும் உஷார், அந்த ஒரு எழுத்தில் ஒரு ஸ்லாட் போய்விடும். அதில் பற்றவைத்த ரேமும் ஒற்றை ஸ்லாட்டும்தான். எக்ஸ்1 கார்பன் என்றால் ஸ்லாட்டே கிடையாது.

#7 திருகாணி

டி480 நல்ல இயந்திரம், மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் லேப்டாப் வாங்கக் கேட்கவில்லை. டூயல் சேனல் பற்றி நீங்கள் சொல்வதும் சரியில்லை. இந்தப் பயம் பரவலாக இருப்பதால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன்.

ரேமுக்கும் புராசசருக்கும் நடுவில் இரண்டு பாதை, ஒவ்வொன்றும் 64 பிட். டிடிஆர்4-3200 ஒரு பாதையில் நொடிக்கு 25.6 ஜிபி கடத்தும், இரண்டும் சேர்ந்தால் 51.2. இரண்டு பக்கமும் சம அளவு ரேம் இருந்தால் முழுவதும் இரண்டு பாதையில் ஓடும். சமமில்லாவிட்டால் ஒரேயடியாக ஒற்றைப் பாதைக்கு இறங்கிவிடாது. இன்டெல் இதற்கு ஃப்ளெக்ஸ் மோடு என்று ஒன்று வைத்திருக்கிறது. 4+16 போட்டால், பற்றவைத்த 4-ம் ஸ்டிக்கின் முதல் 4-ம் சேர்ந்து 8 ஜிபி இரண்டு பாதையிலேயே ஓடும். ஸ்டிக்கில் மீதமிருக்கும் 12 ஜிபி மட்டும் ஒற்றைப் பாதை. அதாவது இப்போது இருக்கும் 8 ஜிபி டூயல் சேனல் அப்படியே இருக்கும், அதற்கு மேல் 12 ஜிபி கூடுதலாக வருகிறது. ஒற்றைப் பாதை ரேம் கூட எஸ்எஸ்டியில் உள்ள பேஜ் ஃபைலை விடப் பல மடங்கு வேகம். கேம் விளையாடுகிறவருக்கு இதில் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். காலண்டர் செய்கிறவருக்குத் தெரியாது.

#8 தட்டச்சுப்பிழை

நன்றி அண்ணா. ஒரே ஒரு சந்தேகம். லெனோவோவின் விவரத்தாளில் என் மாடலுக்கு அதிகபட்சம் 12 ஜிபி என்று போட்டிருக்கிறது. 16 ஸ்டிக் போட்டால் எடுக்குமா?

#9 திருகாணி

அதே தாளில் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும், படித்துப் பாருங்கள். தாங்கள் விற்கும் மாட்யூல்களை வைத்துச் சோதித்த அளவு இது, இதற்கு மேலும் ஏற்கக்கூடும் என்ற பொருளில் எழுதியிருப்பார்கள். உண்மையான எல்லை புராசசருடையது. 1115ஜி4-க்கு இன்டெல் சொல்வது 64 ஜிபி. இந்த வகை போர்டில் 16 ஸ்டிக் போட்டுக் கொடுத்திருக்கிறேன், எடுக்கிறது. இருந்தாலும் கடையில் "எடுக்காவிட்டால் மாற்றித் தருவீர்களா" என்று முன்கூட்டியே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் எவ்வளவு ரேம் செருகினாலும் 4 ஜிபிக்கு மேல் பயன்படாது. விண்டோஸ் 7 ஹோம் பேசிக் 64 பிட்டாக இருந்தாலும் 8-லேயே நின்றுவிடும்.

#10 வெறும்வாசகி (தஞ்சாவூர்)

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும் அண்ணன்மாரே, தனி இழை போடுவதற்குப் பதில் இங்கேயே கேட்டுவிடுகிறேன். கல்லூரியில் படிக்கிறேன். என்னுடையது ரைசன் 5 3500யு. 8 ஜிபி என்று சொல்லித்தான் வாங்கினோம். சிஸ்டம் பக்கத்தில் 5.9 ஜிபிதான் பயன்படும் என்று வருகிறது. இரண்டு ஜிபி எங்கே போயிற்று? ஏமாற்றிவிட்டார்களா? எனக்கு டாஸ்க் மேனேஜர் 'இரண்டில் ஒன்று' காட்டுகிறது.

#11 பென்குயின்தாசன்

யாரும் ஏமாற்றவில்லை தங்கச்சி. அந்தப் புராசசருக்குள் இருக்கும் வேகா கிராஃபிக்ஸுக்குத் தனி ரேம் கிடையாது. உங்கள் 8-லிருந்து 2 ஜிபியைப் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்துவிடுகிறது. டாஸ்க் மேனேஜரில் 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்ற இடத்தில் அதைக் காணலாம். சில பயாஸில் இந்த அளவைக் குறைக்க வழி இருக்கும், பலவற்றில் இருக்காது.

உங்களுக்கு நல்ல செய்தி என்னவென்றால் ஒரு ஸ்லாட் நிஜமாகவே காலி. அதுவும் ஒற்றை ஸ்டிக்கில் வேகா ஓடுவது பெரிய இழப்பு, ஏனென்றால் படம் வரைவதற்கும் அதே ஒரு பாதைதான். இன்னொரு ஸ்டிக் போட்டால் இடமும் கூடும், கிராஃபிக்ஸும் எழுந்து நிற்கும். இந்தத் திரியிலேயே ரேம் போடுவதால் கண்ணுக்குத் தெரியும்படி வேகம் கூடப்போகிறவர் நீங்கள்தான்.

3500யு எடுப்பது டிடிஆர்4-2400. கடைகளில் இப்போது 3200-தான் கிடைக்கும். பரவாயில்லை, அது தானாக 2400-க்கு இறங்கி ஓடும். ஏற்கெனவே இருப்பது எந்த பிராண்டோ அதே பிராண்டுதான் வேண்டும் என்பதில்லை. வேகம் வேறாக இருந்தால் இரண்டும் குறைந்ததன் வேகத்துக்கு வந்துவிடும், அவ்வளவுதான்.

#12 கரையோரம் (யாழ்ப்பாணம்)

விலையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே. 2025 நடுப்பகுதியில் வாங்காமல் விட்டுவிட்டு இப்போது வாங்கப் போகிறவருக்குத் தலை சுற்றும். ஏஐ சேவர்களுக்கு வேண்டிய நினைவகம் செய்வதில் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் முனைப்பாக நிற்கின்றன. டிரேம், அதாவது ரேமுக்கான சில்லு, செய்கிற பெரிய ஆட்கள் உலகத்திலேயே அந்த மூவர்தான். டிடிஆர்4 உற்பத்தியையும் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். 2025 டிசம்பரில் மைக்ரான் தன்னுடைய குரூசியல் சில்லறை வியாபாரத்தையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய பெயர் அது.

ஆகவே 12-க்கும் 20-க்கும் இடையில் யோசிப்பவர் இரண்டு தடவை வாங்குகிற நிலைக்குப் போகாதீர்கள். இன்றைக்கு 8 போட்டு, அடுத்த வருடம் அதைக் கழற்றி 16 போடுவதென்றால் 8-க்குக் கொடுத்த காசு தண்ணீரில் போனதுதான். உங்களுக்கு இருப்பது ஒரே ஸ்லாட்.

#13 பழையசோறு

விலை ஏறியதால்தான் சொல்கிறேன், 16 ஜிபி ஏற்கெனவே உள்ளே இருக்கிற ரீஃபர்பிஷ்டு லேப்டாப்பாகவே வாங்கினால் கணக்கு நேராகிவிடும். சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

#14 திருகாணி

மூட வேண்டாம், அடுத்த முறை புதுசு வாங்கும்போது உங்களிடம்தான் கேட்கப் போகிறார்.

வாங்கும்போது ஸ்டிக்கின் லேபிளை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். கடைக்காரர் சொல்வதைக் கேட்பதை விட அதுதான் சுலபம். ரிச்சி தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பதை எடுத்துப் பார்த்தால் இப்படி ஒரு வரி இருக்கும்:

16ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ

பிசி4 என்றால் டிடிஆர்4. பிசி3எல் என்றால் டிடிஆர்3எல், பிசி5 என்றால் டிடிஆர்5. 3200 வேகம். சில பிராண்டுகள் வேகத்துக்குப் பதிலாக பிசி4-25600 என்று கடத்தும் அளவை அடித்திருப்பார்கள், அதுவும் இதுவும் ஒன்றே. 25600-ஐ 8-ஆல் வகுத்தால் 3200. அதேபோல் பிசி4-19200 என்றால் 2400. எண் பெரிதாக இருக்கிறதே என்று அதிகக் காசு கொடுத்துவிடாதீர்கள்.

நடுவில் உள்ள 2ஆர்எக்ஸ்8, சில்லுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது. 16 ஜிபியில் 1ஆர்எக்ஸ்8 என்றும் வரும், எது கிடைத்தாலும் வாங்கலாம். 8 ஜிபி வாங்குகிறவர்கள் மட்டும் 1ஆர்எக்ஸ்16 என்று இருந்தால் தள்ளி வைத்துவிட்டு 1ஆர்எக்ஸ்8 கேளுங்கள். முதலாவதில் நாலே சில்லு இருக்கும், இரண்டாவதில் எட்டு. நாலு சில்லு ஸ்டிக்கில் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய அறைகள் பாதிதான், அதனால் சற்று மந்தம். விலை அதிகம் வேறுபடாதபோது ஏன் அதை வாங்க வேண்டும்?

அப்புறம், "ஓஇஎம் ஸ்டிக்" என்று உறை இல்லாமல் கொடுப்பார்கள். பெரும்பாலும் ஆபீஸ் லேப்டாப்புகளில் கழற்றியது. ரேம் லேசில் தேயும் பொருள் இல்லை, ஆகவே கழற்றியது என்பதாலேயே கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் புதுசின் விலைக்குத் தரப் பார்ப்பார்கள். லேபிள் கோணலாக இருந்தால், மூலை உரிந்து மறுபடி ஒட்டியது போலிருந்தால், தங்க நிறப் பற்களில் செருகி எடுத்த கோடு தெரிந்தால் பேரம் பேசுங்கள், அல்லது நடையைக் கட்டுங்கள்.

#15 தட்டச்சுப்பிழை

மதுரையில் 16 ஜிபி 2ஆர்எக்ஸ்8 3200 ஸ்டிக் வாங்கிவிட்டேன், உறையோடு, பில்லோடு. எடுக்காவிட்டால் மாற்றித் தருவதாகவும் எழுதிக் கொடுத்தார். நானே போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

#16 திருகாணி

முதலில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். சாதாரணமாக ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் பாதி உறக்கத்தில்தான் இருக்கும். சார்ஜரைக் கழற்றுங்கள்.

அடிமூடித் திருகுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, எந்தத் திருகு எங்கே இருந்ததோ அந்த இடத்திலேயே செலோடேப் போட்டு ஒட்டி வையுங்கள். நீளத் திருகைக் குட்டைத் துளையில் முடுக்கினால் விசைப்பலகைப் பக்கம் புடைத்துக்கொண்டு வரும். அப்படி வந்த லேப்டாப்புகளைப் பார்த்திருக்கிறேன், அதற்கு வைத்தியம் கிடையாது. வேறு கம்பெனி லேப்டாப் திறப்பவர்கள் ரப்பர் காலுக்கு அடியிலும் பாருங்கள், அங்கே ஒளிந்திருக்கும் திருகை எடுக்காமல் மூடியை இழுத்து உடைப்பவர்கள்தான் அதிகம்.

மூடியை எடுக்க ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பக் கூடாது. பழைய ஏடிஎம் கார்டு போதும். ஒரு மூலையில் நுழைத்து மெதுவாக ஓட்டினால் கிளிப்புகள் டக் டக்கென்று விடும்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் தலையை நகத்தால் தள்ளி எடுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில நொடி அழுத்தினால் மிச்ச மின்சாரமும் போய்விடும். (டி480 வைத்திருப்பவர்களுக்குப் பயாஸிலேயே உள் பேட்டரியை அணைக்க ஒரு வழி இருக்கிறது, பழையசோறு சொல்வார்.) ஸ்டிக்கைத் தொடும் முன் பெயின்ட் இல்லாத ஏதாவது இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். ரேம் மேல் தகர மூடி இருந்தால் அதை மெல்லத் தூக்கி எடுங்கள்.

ஸ்டிக்கின் இரு பக்கமும் வெள்ளிக் கொக்கி போல இரண்டு பிடி இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் வெளிப்பக்கமாக விலக்கினால் ஸ்டிக் தானே சாய்வாக எழும்பி நிற்கும். அதே சாய்வில் இழுத்து எடுங்கள். புதுசையும் அதே சாய்வில்தான் நுழைக்க வேண்டும், படுக்கை வாட்டில் தள்ளக் கூடாது. வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் ஒத்துப்போகிறதா பாருங்கள். தங்கப் பற்கள் ஏறக்குறைய முழுக்க உள்ளே மறைந்த பிறகு கீழே அழுத்துங்கள், இரண்டு கொக்கியும் டிக்கென்று பூட்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டியிருப்பதுதான் "ரேம் போட்டேன், திரை வரவில்லை" என்று வருகிற பாதிப் பேரின் கதை.

முதல் தடவை ஆன் செய்யும்போது திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கலாம். புது ரேமோடு பழகிக்கொள்கிறது, பயந்து பட்டனை அழுத்திவிடாதீர்கள். டிடிஆர்5 லேப்டாப்புகளில் இது நிமிடக் கணக்கில் கூடப் போகும்.

#17 கரையோரம்

ஒரு சேர்க்கை. ஸ்டிக்கை ஒரு தடவை அழிரப்பரால் தேய்த்துவிட்டுப் போடுங்கோ.

#18 பென்குயின்தாசன்

புது ஸ்டிக்கை ஏன் தேய்க்க வேண்டும்? அந்தத் தங்கப் பூச்சு மெல்லியது. அழிரப்பர் உரசி எடுத்துவிடும், தூளும் ஸ்லாட்டுக்குள் விழும்.

#19 கரையோரம்

கடற்கரை ஊரில் இருந்து பாருங்கோ தெரியும். உப்புக் காற்றில் இரண்டு வருடம் இருந்த ஸ்டிக்கின் பல்லெல்லாம் மங்கிப் போய்க் கிடக்கும். ரப்பர் போட்டால் செத்த மெஷின் எழும்புகிறது, கண்ணால் கண்டது.

#20 திருகாணி

பழைய ஸ்டிக்குக்கு நாங்களும் அதைச் செய்வதுண்டு, வேறு ஒன்றும் கைவசம் இல்லாத நேரத்தில். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு இருந்தால் அதுதான் முறை. பல நேரம் ஸ்டிக்கைக் கழற்றி மாட்டினாலே எழும்பிவிடும், பெயர் ரப்பருக்குப் போகிறது. புதுசுக்கு எதுவும் வேண்டாம்.

#21 தட்டச்சுப்பிழை

போட்டாயிற்று. தகர மூடிதான் கொஞ்சம் முரண்டு பிடித்தது. ஆன் செய்ததும் கறுப்புத் திரை, விசைப்பலகை விளக்கு மட்டும். மனசு திக்கென்றது, அண்ணா சொன்னது ஞாபகம் வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். லோகோ வந்தது. பயாஸில் 20 ஜிபி காட்டுகிறது.

அன்று போல அதே காலண்டர், அதே சாமி படம், அதே குரோம் திறந்து பார்த்தேன். இன் யூஸ் 12.4, கம்ப்ரஸ்டு பூஜ்யம், அவெயிலபிள் 7.3, கமிட்டட் 16.1. ஹார்ட் ஃபால்ட்ஸ் தரையிலேயே கிடக்கிறது. கோரலுக்கும் ஃபோட்டோஷாப்புக்கும் மாறி மாறிப் போனாலும் வெள்ளைத் திரை இல்லை. ஆனால் அச்சுக்கு பிடிஎஃப் எடுப்பது அப்படியே பழைய வேகம்தான். பெரிய படத்துக்கு ஃபில்டர் போட்டாலும் முன்பு போலவே காத்திருக்க வேண்டியிருக்கிறது.

#22 பழையசோறு

இரண்டு கோர்! (இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.)

#23 பென்குயின்தாசன்

சொன்னது சரிதான். பிடிஎஃப் எடுப்பதும் ஃபில்டரும் புராசசர் வேலை. ரேம் அதை வேகப்படுத்தாது.

இரண்டு காரியம் பாக்கி. ஃபோட்டோஷாப்பின் அமைப்பில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய்ப் பாருங்கள். வழக்கமாகக் கிடைக்கும் ரேமில் 70 சதவீதத்தை அது தனக்கென்று வைத்துக்கொள்ளும். ரேம் கூடியதால் அந்தப் பங்கும் கூடியிருக்கும். கோரலும் கூடவே ஓட வேண்டும் என்பதால் 50 அல்லது 55-க்கு இறக்கி வையுங்கள். இன்னொன்று, மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு, ராத்திரி படுக்கும்போது ஓட விடுங்கள். பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை அணைக்க வேண்டியிருக்கலாம். காலையில் சிவப்பாக ஒரு வரி இருந்தால் கூட ஸ்டிக்கைக் கடையில் கொடுத்து மாற்றிவிடுங்கள். பழுதான ரேம் உடனே படுத்துவிடாது. திடீரென்று ஒரு நாள் சேமித்த கோப்பு திறக்காது, அதுதான் ஆபத்து.

#24 கரையோரம்

புதுசு வாங்க இருப்பவர்களுக்கு ஒரு விஷயம், ஏனென்றால் என்னுடைய மச்சான் இதில் மாட்டுப்பட்டார். புராசசர் பெயரைப் பார்த்து ரேம் வாங்காதீர்கள். 12ஆம் தலைமுறை ஐ5-1235யு டிடிஆர்4-ஐயும் எடுக்கும், டிடிஆர்5-ஐயும் எடுக்கும், பற்றவைக்கிற எல்பிடிடிஆர்5-ஐயும் எடுக்கும். எது என்பதை போர்டு செய்த கம்பெனி தீர்மானித்துவிடும். பெயர் ஒன்றாக இருக்கிறது என்று நண்பருடைய லேப்டாப்பைப் பார்த்து வாங்கினால் வெட்டே பொருந்தாது.

எல்பி என்ற இரண்டு எழுத்து விவரத்தாளில் இருந்தால் அநேகமாக முழுக்கப் பற்றவைத்தது, வாங்கும்போதே எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எடுத்துவிடுங்கள். ஆப்பிள் எம்1 வந்த 2020-லிருந்து அவர்கள் ரேமைப் புராசசரோடு ஒரே பொதிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இன்டெல்லும் லூனார் லேக் புராசசர்களில் அப்படித்தான், 16 அல்லது 32, இடையிலும் இல்லை, மேலேயும் இல்லை.

#25 திருகாணி

எல்பிகேம்2 என்று ஒன்று வந்திருக்கிறது. எல்பிடிடிஆர் சில்லுகளையே ஒரு தட்டையான அட்டையில் வைத்துத் திருகால் முடுக்குவது. 2024-ல் லெனோவோ திங்க்பேட் பி1 ஜென் 7-ல் போட்டார்கள். என் மேசைக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. நம் பட்ஜெட் லேப்டாப்புக்கு அது இறங்கி வரட்டும், பார்ப்போம்.

#26 தட்டச்சுப்பிழை

மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடியது, ஒரு பிழையும் இல்லை. ஃபோட்டோஷாப்பை 50-க்கு இறக்கிவிட்டேன்.

கழற்றிய 4 ஜிபி ஸ்டிக் சும்மா கிடக்கிறது. விற்றால் ஏதாவது தேறுமா?

#27 வெறும்வாசகி

அண்ணா, அது என் லேப்டாப்பில் வேலை செய்யுமா? 8-க்குக் கூட இப்போது விலை கட்டுப்படியாகவில்லை.

#28 பென்குயின்தாசன்

செய்யும். டிடிஆர்4 சோடிம், 3200, உங்களுடையதில் 2400-க்கு இறங்கி ஓடும். 8+4 என்றால் 12, வேகா எடுத்துக்கொண்ட 2 போக 10-க்குக் கொஞ்சம் கீழே கையில் நிற்கும். 8+8 அளவுக்கு வராது, இப்போது இருப்பதற்கு எவ்வளவோ மேல்.

#29 தட்டச்சுப்பிழை

தங்கச்சி, தனிமடலில் முகவரி அனுப்பும்மா. காசு வேண்டாம், கூரியர் செலவை மட்டும் பார்த்துக்கொள். புது ஸ்டிக் வந்த பிளாஸ்டிக் உறை இருக்கிறது, அதிலேயே வைத்து அனுப்புகிறேன்.

#30 திருகாணி

அந்த உறைக்கு மேல் அட்டைப் பெட்டியும் போடுங்கள். வெறும் கவரில் அனுப்பினால் முத்திரை குத்துகிற இடத்திலேயே ஸ்டிக் இரண்டாகிவிடும்.